நெட்வொர்க் கார்டுக்குள் ஒரு கடிகாரம்: நேரத்தைத் துல்லியமாக்கும் டிரைவர்கள்

கம்ப்யூட்டர் திரையின் வலது கீழ் மூலையில் சிறியதாக ஒரு கடிகாரம் இருக்கிறது. தினமும் பார்க்கிறோம். ஆனால் அது எங்கிருந்து நேரத்தைப் பெறுகிறது, அது தவறினால் என்ன ஆகும் என்று நம்மில் பலர் யோசிப்பதில்லை.

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். ஒரு நாள் என்னை அழைத்து, "தம்பி, பேங்க் சைட் திறக்கவே மாட்டேங்குது. ஏதோ பாதுகாப்பு இல்லைன்னு சொல்லுது. கடையில கொடுத்து ஃபார்மட் பண்ணி வாங்கினேன். ரெண்டு நாள்ல திரும்பவும் அதே கதை" என்றார். போய்ப் பார்த்தேன். கம்ப்யூட்டர் 2015 ஜனவரி 1 என்று தேதி காட்டிக்கொண்டிருந்தது. மதர்போர்டில் இருந்த சின்ன பேட்டரி தீர்ந்துவிட்டது. அவர் தினமும் இரவு மெயின் சுவிட்சை அணைத்துவிடுபவர். அதனால் ஒவ்வொரு காலையிலும் கம்ப்யூட்டர் பழைய தேதிக்குப் போய்விட்டது. பேட்டரியை மாற்றியவுடன் எல்லாம் சரியாயிற்று. ஆனால் தேவையில்லாமல் செய்த அந்த ஃபார்மட்டில் அவருடைய மகளின் திருமணப் போட்டோக்கள் போனது போனதுதான்.

எனவே கம்ப்யூட்டர் நேரம் என்பது சாதாரண விஷயம் அல்ல. அது எப்படி இயங்குகிறது, இன்டர்நெட் வழியாக எப்படிச் சரி செய்யப்படுகிறது, நெட்வொர்க் கார்டின் டிரைவர் புரோகிராம் இதில் என்ன வேலை செய்கிறது என்பதை இந்தப் பாடத்தில் படிப்படியாகப் பார்ப்போம்.

கம்ப்யூட்டருக்குள் இருக்கும் கடிகாரங்கள்

கம்ப்யூட்டரில் ஒன்றுக்கு மேற்பட்ட கடிகாரங்கள் உண்டு. முதலாவது மதர்போர்டில் இருக்கும் ரியல் டைம் கிளாக். இதற்குள் ஒரு சிறிய குவார்ட்ஸ் படிகம் இருக்கிறது. அது ஒரு செகண்டுக்கு 32,768 முறை அதிரும். ஏன் இந்த எண்? இதை 15 முறை இரண்டால் வகுத்துக்கொண்டே போனால் சரியாக 1 கிடைக்கும். அதாவது மிக எளிய சர்க்யூட்டைக் கொண்டே ஒரு செகண்ட் துடிப்பைப் பெற்றுவிடலாம். கைக்கடிகாரங்களிலும் இதே படிகம்தான் பயன்படுகிறது. கம்ப்யூட்டரை அணைத்து, மின் இணைப்பையும் எடுத்துவிட்டால் இந்தக் கடிகாரத்தை ஓட வைப்பது சி.ஆர். 2032 என்னும் 3 வோல்ட் பட்டன் பேட்டரி.

இரண்டாவது, விண்டோஸ் அல்லது லினக்ஸ் சிஸ்டம் தானே வைத்துக்கொள்ளும் சிஸ்டம் கிளாக். கம்ப்யூட்டரை இயக்கியவுடன் இது மதர்போர்டு கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை எடுத்துக்கொள்கிறது. அதன் பிறகு தானாகவே எண்ணிக்கொண்டு போகிறது.

மூன்றாவது கடிகாரம் சில நெட்வொர்க் கார்டுகளுக்குள் இருக்கிறது. இந்தக் கட்டுரையின் நாயகன் அதுதான். அதற்குப் பிறகு வருவோம்.

எந்தக் குவார்ட்ஸ் படிகமும் நூறு சதவீதம் துல்லியமாக ஓடுவதில்லை. வெப்பம் மாறினால் அதன் வேகமும் சற்று மாறும். பத்து லட்சத்தில் 20 பங்கு பிழை உள்ள ஒரு படிகத்தை எடுத்துக்கொள்வோம். கேட்பதற்கு மிகக் குறைவாகத் தெரிகிறது அல்லவா? ஒரு நாளுக்கு 86,400 செகண்டுகள். கணக்குப் போட்டால் ஒரு நாளில் 1.7 செகண்ட், 30 நாளில் ஏறத்தாழ 52 செகண்ட் தவறும். இரண்டு மாதம் அப்படியே விட்டால் ஒன்றே முக்கால் நிமிடம். ஆகவே அவ்வப்போது நல்ல கடிகாரம் ஒன்றைப் பார்த்துச் சரி செய்தே ஆக வேண்டும்.

நேரம் தவறினால் என்ன?

பாதுகாப்பான இணைய தளம் ஒவ்வொன்றும் ஒரு டிஜிட்டல் சான்றிதழ் வைத்திருக்கும். அது எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை செல்லும் என்று அதிலேயே குறிக்கப்பட்டிருக்கும். உங்கள் கம்ப்யூட்டர் 2015ஆம் ஆண்டில் இருப்பதாக நினைத்துக்கொண்டால், இன்றைய சான்றிதழ் அதற்கு "இன்னும் தொடங்காத சான்றிதழ்" ஆகிவிடும். பிரவுசர் தளத்தைத் திறக்க மறுக்கும். ஆசிரியர் வீட்டில் நடந்தது இதுதான்.

அதே போல 30 செகண்டுக்கு ஒரு முறை மாறும் ஆறு இலக்கப் பாதுகாப்பு எண்களைத் தரும் புரோகிராம்களும் நேரத்தை வைத்துத்தான் அந்த எண்ணைக் கணக்கிடுகின்றன. கடிகாரம் சில நிமிடங்கள் தவறினால் எண் பொருந்தாது. இவை வீட்டுக் கம்ப்யூட்டரில் வரும் சிக்கல்கள். இவற்றுக்கு ஒரு செகண்டுக்குள் சரியாக இருந்தாலே போதும்.

மற்ற சில இடங்களில் தேவை மிகக் கடுமையானது. மின் தொகுப்பில் வெவ்வேறு ஊர்களில் உள்ள மின் அலையை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அலை ஒரு டிகிரி நகர எடுத்துக்கொள்ளும் நேரம் 55.6 மைக்ரோ செகண்ட்தான். ஒரு மைக்ரோ செகண்ட் என்பது செகண்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஒரே அலைவரிசையில் அனுப்புவதையும் பெறுவதையும் மாறி மாறிச் செய்யும் 4ஜி, 5ஜி மொபைல் டவர்களுக்கிடையே நேர வேறுபாடு 3 மைக்ரோ செகண்டைத் தாண்டக் கூடாது. ஐரோப்பிய யூனியனில் 2018 ஜனவரி 3 முதல், அதிவேகப் பங்கு வர்த்தகம் செய்பவர்களின் கடிகாரம் உலக நேரத்திலிருந்து 100 மைக்ரோ செகண்டுக்கு மேல் விலகக் கூடாது என்பது சட்டம். யார் முதலில் ஆர்டர் கொடுத்தார் என்பதில் பெரும் பணம் அடங்கியிருக்கிறதே!

நெட்வொர்க் வழியாக நேரம் கேட்பது எப்படி?

இதற்கான வழிமுறைக்கு நெட்வொர்க் டைம் புரோட்டோகால், சுருக்கமாக என்.டி.பி. என்று பெயர். இதை உருவாக்கியவர் அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவிட் மில்ஸ். 1985இல் முதல் வடிவம் வெளியானது. இப்போது பயன்படும் நான்காம் பதிப்பு 2010இல் வரையறுக்கப்பட்டது. மில்ஸ் 2024 ஜனவரியில் மறைந்தார். இன்டர்நெட்டில் இணைந்த கம்ப்யூட்டர்களின் நேரம் ஒத்துப்போவதற்கு அவருடைய உழைப்பே அடிப்படை.

நேரம் கேட்பதில் என்ன கஷ்டம் என்கிறீர்களா? கேள்வி சர்வருக்குப் போய், பதில் திரும்பி வருவதற்குள் நேரம் ஓடிவிடுகிறது. "மணி பத்து" என்று எழுதிய கடிதம் உங்களுக்குக் கிடைக்கும்போது மணி பத்தாக இருக்காது. எனவே என்.டி.பி. நான்கு நேரங்களைக் குறித்துக்கொள்கிறது.

1. உங்கள் கம்ப்யூட்டர் கேள்வியை அனுப்பிய நேரம்.
2. சர்வர் அதைப் பெற்ற நேரம்.
3. சர்வர் பதிலை அனுப்பிய நேரம்.
4. உங்கள் கம்ப்யூட்டர் பதிலைப் பெற்ற நேரம்.

ஓர் எடுத்துக்காட்டு. உங்கள் கம்ப்யூட்டர் சரியாக 10 மணிக்குக் கேள்வியை அனுப்புகிறது. சர்வர் தன் கடிகாரப்படி 10 மணி 2.020 செகண்டுக்கு அதைப் பெறுகிறது. 2.021 செகண்டுக்குப் பதில் அனுப்புகிறது. உங்கள் கம்ப்யூட்டர் தன் கடிகாரப்படி 10 மணி 0.041 செகண்டுக்குப் பதிலைப் பெறுகிறது.

மொத்தம் 41 மில்லி செகண்ட் ஆனது. அதில் 1 மில்லி செகண்ட் சர்வர் எடுத்துக்கொண்டது. பாக்கி 40 மில்லி செகண்ட் பயண நேரம். போக 20, வர 20 என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் கேள்வி சர்வரை அடைந்தபோது உங்கள் கடிகாரத்தில் 0.020 செகண்ட் இருந்திருக்க வேண்டும். ஆனால் சர்வர் கடிகாரம் 2.020 என்கிறது. ஆக, உங்கள் கம்ப்யூட்டர் சரியாக 2 செகண்ட் பின்தங்கியிருக்கிறது. இவ்வளவுதான் கணக்கு.

ஆனால் "போக 20, வர 20" என்பது நாம் வைத்துக்கொண்டதுதானே? உண்மையில் போக 10, வர 30 ஆக இருந்தால்? நம் கணக்கு 10 மில்லி செகண்ட் தவறிவிடும். இரண்டு பயணங்களுக்கும் உள்ள வேறுபாட்டில் பாதி பிழையாகிவிடுகிறது. துல்லியத்தின் எதிரி இந்தச் சமமின்மைதான். நீண்ட தூரம் என்பதல்ல சிக்கல். தாமதம் ஒவ்வொரு முறையும் ஒரே அளவாக இருந்து, அது எவ்வளவு என்று தெரிந்தால் கழித்துவிடலாம். ஒவ்வொரு முறையும் மாறினால் எதைக் கழிப்பது?

டிரைவரின் பங்கு

இந்த மாறும் தாமதம் வெளியே உள்ள கேபிளில் மட்டும் ஏற்படுவதில்லை. உங்கள் கம்ப்யூட்டருக்கு உள்ளேயே ஏற்படுகிறது. ஒரு தகவல் பாக்கெட் வந்தால் என்ன நடக்கிறது என்று பாருங்கள்.

கேபிளில் வந்த பாக்கெட்டை நெட்வொர்க் கார்டு பெறுகிறது. அதை நேரடியாக மெமரியில் எழுதுகிறது. பிறகு "பாக்கெட் வந்திருக்கிறது" என்று பிராசசரைக் கூப்பிடுகிறது. இந்தக் கூப்பாட்டிற்கு இன்டரப்ட் என்று பெயர். பிராசசர் வேறு வேலையில் இருக்கலாம். அதை நிறுத்திவிட்டு வந்து கார்டின் டிரைவரை இயக்குகிறது. டிரைவர் பாக்கெட்டை எடுத்து ஆப்பரேட்டிங் சிஸ்டத்திடம் கொடுக்கிறது. கடைசியாக, நேரம் கேட்ட புரோகிராமுக்கு அதன் முறை வரும்போது பாக்கெட் கிடைக்கிறது. அந்த நேரத்தில் நீங்கள் ஒரு பெரிய வீடியோவைத் திறந்திருந்தால் அதன் முறை வரத் தாமதமாகும்.

இன்னொன்றும் உண்டு. ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் கூப்பிட்டால் பிராசசருக்கு வேறு வேலையே செய்ய முடியாது. எனவே கார்டு சற்றுப் பொறுத்து, பல பாக்கெட்டுகள் சேர்ந்தபின் ஒரே முறை கூப்பிடும். இதை இன்டரப்ட் மாடரேஷன் என்பார்கள். வேகத்திற்கு இது நல்லது. நேரத் துல்லியத்திற்கு இது கெடுதல்.

அப்படியானால் பாக்கெட் வந்த நேரத்தை எந்த இடத்தில் குறிப்பது? உங்களுக்கு ஒரு தபால் வருகிறது. நீங்கள் ஊருக்குப் போய்விட்டு வந்து அதைப் பிரிக்கும்போது நேரத்தைக் குறித்தால் அது தபால் வந்த நேரம் ஆகாது. வாசலில் உள்ள காவலாளி அதை வாங்கும்போது குறித்தால் பரவாயில்லை. தபால் பெட்டியே தபால் விழுந்த கணத்தில் தானாக முத்திரை குத்தினால்? அதுதான் சிறந்தது.

கம்ப்யூட்டரிலும் இதே மூன்று நிலைகள். புரோகிராம் குறிப்பது முதல் நிலை. டிரைவரும் ஆப்பரேட்டிங் சிஸ்டமும் குறிப்பது இரண்டாம் நிலை. கார்டே குறிப்பது மூன்றாம் நிலை. கார்டு முத்திரை குத்த வேண்டுமானால் அதற்குள் ஒரு கடிகாரம் வேண்டும் அல்லவா? நாம் முன்பு சொன்ன மூன்றாவது கடிகாரம் இதுதான். இன்டெல் ஐ210 போன்ற கார்டுகளில் இது இருக்கிறது.

இந்தக் கடிகாரங்களைப் பயன்படுத்துவதற்கான வழிமுறைதான் பிரிசிஷன் டைம் புரோட்டோகால் என்னும் பி.டி.பி. இது ஐ.இ.இ.இ. 1588 என்ற எண்ணில் 2002இல் தரப்படுத்தப்பட்டு, 2008லும் 2019லும் மேம்படுத்தப்பட்டது. இதற்கு ஏற்ற நெட்வொர்க் சுவிட்சுகள், ஒரு பாக்கெட் தம்மிடம் எவ்வளவு நேரம் காத்திருந்தது என்பதையும் கணக்கில் சேர்த்துவிடும். லினக்ஸ் சிஸ்டத்தில் கார்டு குத்தும் முத்திரையைப் பெறும் வசதி 2009லும், கார்டின் கடிகாரத்தை நேரடியாகக் கையாளும் வசதி 2011லும் வந்தன.

கடைசி அடியில் ஒரு தடுமாற்றம்

இப்போது கார்டின் கடிகாரம் மிகத் துல்லியமாக இருக்கிறது. ஆனால் புரோகிராம்கள் பார்ப்பது சிஸ்டம் கிளாக்கை அல்லவா? கார்டில் உள்ள நேரத்தைப் படித்து சிஸ்டம் கிளாக்கைத் திருத்த வேண்டும். இதில் கார்டின் நேரத்தைப் படித்துத் தரும் வேலையை டிரைவர் செய்கிறது. இங்கேதான் சுவையான ஒரு சிக்கல்.

அடுத்த அறையில் ஒரு சுவர்க் கடிகாரம் இருக்கிறது. உங்கள் கைக்கடிகாரத்தை அதனுடன் ஒப்பிட வேண்டும். கைக்கடிகாரத்தைப் பார்க்கிறீர்கள். அடுத்த அறைக்குப் போய் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வருகிறீர்கள். மீண்டும் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறீர்கள். முதல் பார்வை 100, இரண்டாம் பார்வை 104 என்றால் சுவர்க் கடிகாரத்தை நீங்கள் பார்த்தது இந்த இரண்டுக்கும் நடுவில் எப்போதோ. நடுப்புள்ளியான 102 என்று எடுத்துக்கொண்டால் அதிகபட்சப் பிழை 2. இடைவெளி குறையக் குறைய பிழையும் குறையும்.

பிராசசர் தன் கடிகாரத்தை மிக விரைவாகப் பார்த்துவிடும். ஆனால் கார்டில் உள்ள எண்ணைப் படிக்க மதர்போர்டின் பி.சி.ஐ. வழித்தடத்தில் போய் வர வேண்டும். அதற்கு மைக்ரோ செகண்ட் அளவில் நேரம் பிடிக்கும். அதுவும் ஒரே பயணத்தில் முடியாது. ஐ210 கார்டில் நேரம் மூன்று ரெஜிஸ்டர்களில் பிரித்து வைக்கப்பட்டிருக்கிறது. நானோ செகண்டுக்கும் கீழான மிகச் சிறு பகுதி ஒன்றில், நானோ செகண்ட் ஒன்றில், செகண்ட் ஒன்றில். முதலாவதைப் படித்தவுடன் மற்ற இரண்டும் அப்படியே உறைந்து நின்றுவிடும். அதனால் எண்கள் ஒன்றுக்கொன்று முரண்படாது.

பழைய முறையில் சிஸ்டம் நேரத்தைப் பார்த்து, மூன்று ரெஜிஸ்டர்களையும் படித்து முடித்து, பிறகு மீண்டும் சிஸ்டம் நேரத்தைப் பார்த்தார்கள். அதாவது அடுத்த அறைக்கு மூன்று முறை நடந்துவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். ஆனால் நேரம் உறைந்தது முதல் நடையிலேயே அல்லவா? பின்னால் வந்த இரண்டு நடைகளும் இடைவெளியை வீணாக அதிகமாக்கின. நடுப்புள்ளியும் இடம் மாறிப்போனது.

2019 மார்ச்சில் வெளியான லினக்ஸ் 5.0 பதிப்பில் இதற்குத் தீர்வு வந்தது. முதல் ரெஜிஸ்டரைப் படிப்பதற்குச் சற்று முன்பும், படித்தவுடனேயும் டிரைவரே சிஸ்டம் நேரத்தைக் குறித்துக்கொள்கிறது. மற்ற இரண்டையும் பிறகு ஆற அமரப் படிக்கலாம். புதிய கார்டு வாங்கவில்லை. புதிய சிப் எதுவும் சேர்க்கவில்லை. நேரத்தைக் குறிக்கும் இடத்தை மட்டும் மாற்றி வைத்தார்கள். அதே கம்ப்யூட்டரில் துல்லியம் கூடிவிட்டது.

இத்துடன் இன்னொரு தந்திரமும் உண்டு. நடுவில் வேறொரு இன்டரப்ட் குறுக்கிட்டால் இடைவெளி பெரிதாகிவிடும். எனவே ஒரே தடவையில் 25 முறை வரை படித்து, அவற்றில் மிகக் குறுகிய இடைவெளி உள்ளதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். வீட்டில் எடையைப் பலமுறை பார்த்தால் சராசரி எடுப்போம். இங்கே சராசரியை விடக் குறைவான இடைவெளிதான் நம்பகமானது.

வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியவை

இவ்வளவு நுட்பமான துல்லியம் வீட்டுக்குத் தேவையில்லை. ஆனால் அடிப்படை சரியாக இருக்க வேண்டும்.

1. விண்டோஸ் 11இல் ஸ்டார்ட் மெனு சென்று செட்டிங்ஸ் திறந்திடுங்கள். டைம் அண்ட் லாங்வேஜ் பிரிவில் டேட் அண்ட் டைம் என்பதைக் கிளிக் செய்திடவும். "செட் டைம் ஆட்டோமேட்டிகலி" என்பது ஆன் ஆக இருக்க வேண்டும்.

2. டைம் ஸோன் பட்டியலில் 05:30 என்று தொடங்கும் வரிசையில் சென்னை, கொல்கத்தா, மும்பை, புதுடில்லி என்று இருப்பதைத் தேர்ந்தெடுக்கவும். இலங்கை வாசகர்கள் ஸ்ரீ ஜயவர்த்தனபுர என்பதைத் தேர்ந்தெடுக்கலாம்.

3. அதே பக்கத்தில் உள்ள "சிங்க் நவ்" பட்டனை அழுத்துங்கள். தேதி வெகுவாகத் தவறியிருந்தால் சில சமயம் இது வேலை செய்யாது. அப்போது தேதியையும் நேரத்தையும் முதலில் நீங்களே சரி செய்துவிட்டு மீண்டும் அழுத்துங்கள்.

4. ஒவ்வொரு முறை மெயின் சுவிட்சை அணைத்துப் போட்ட பிறகும் தேதி பழையதாகிவிட்டால், மதர்போர்டு பேட்டரியை மாற்றுங்கள். மாற்றும் முன் மின் இணைப்பை முழுவதும் எடுத்துவிட வேண்டும். பயாஸ் செட்டிங்ஸ் மாறிப்போகலாம் என்பதால் அவற்றைக் குறித்து வைக்கவும். ஹார்ட் டிஸ்க் பிட்லாக்கர் மூலம் பூட்டப்பட்டிருந்தால் அதன் ரிகவரி கீயை முன்கூட்டியே தாளில் எழுதி வையுங்கள். லேப்டாப் என்றால் தெரிந்தவரிடம் கொடுப்பது நல்லது.

5. டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் கார்டின் பெயர் மீது டபுள் கிளிக் செய்து, அட்வான்ஸ்ட் டேபைத் திறந்தால் பல கார்டுகளில் "இன்டரப்ட் மாடரேஷன்" என்ற வரியைக் காணலாம். பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள், மாற்ற வேண்டாம். வீட்டில் அதனால் பயன் இல்லை. பிராசசருக்குச் சுமைதான் கூடும்.

6. டிரைவரைக் கம்ப்யூட்டர் அல்லது கார்டு தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்தோ, விண்டோஸ் அப்டேட் மூலமோ மட்டும் பெறுங்கள். "எல்லா டிரைவரையும் இலவசமாகப் புதுப்பிக்கிறோம்" என்று அழைக்கும் முகம் தெரியாத புரோகிராம்களை நம்ப வேண்டாம்.

ஒரு சிறு பயிற்சி

உங்கள் கடிகாரம் எவ்வளவு தவறுகிறது என்று நீங்களே அளக்கலாம். முதலில் "சிங்க் நவ்" அழுத்தி நேரத்தைச் சரி செய்திடுங்கள். பிறகு தானாகச் சரி செய்யும் வசதியை ஆஃப் செய்திடுங்கள். ஒரு வாரம் கழித்து மொபைல் போனில் நெட்வொர்க் தரும் நேரத்துடன் ஒப்பிடுங்கள். ஒரு வாரத்தில் 6,04,800 செகண்டுகள். 6 செகண்ட் வேறுபாடு இருந்தால் உங்கள் கடிகாரத்தின் பிழை பத்து லட்சத்தில் ஏறத்தாழ 10 பங்கு. பயிற்சி முடிந்ததும் மறக்காமல் அந்த வசதியை மீண்டும் ஆன் செய்துவிடுங்கள்.

இனி ஏதேனும் தளம் "பாதுகாப்பு இல்லை" என்று திறக்க மறுத்தால், ஃபார்மட் செய்யக் கிளம்பும் முன் வலது கீழ் மூலையில் ஒரு முறை பாருங்கள். தேதி சரியாக இருக்கிறதா? பாதுகாக்க வேண்டிய போட்டோக்களுக்கு வேறொரு டிஸ்க்கில் நகல் இருக்கிறதா? இந்த இரண்டு கேள்விகளை அந்த ஆசிரியரிடம் யாராவது முதலிலேயே கேட்டிருந்தால், திருமணப் போட்டோக்கள் இன்றும் அவரிடம் இருந்திருக்கும்.